திறமை மட்டுமா காப்பாற்றியது?
ஜெர்மன் யூதச் சிந்தனையாளர் ஹன்னா அரென்ட்டை நாஜிகளிடமிருந்து அவரது அறிவுத்திறமைதான் காப்பாற்றியது என்று அவரைப் பற்றிய இந்தக் கட்டுரை சொல்வதை ஏற்க முடியவில்லை. ஹிட்லருக்குப் பயந்து ஜெர்மனியை விட்டு ஓடி வந்தவரையே 1940இல் பிரான்ஸ் 'எதிரி நாட்டுக்காரர்' என்று தென்மேற்கு பிரான்ஸின் கூர்ஸ் தடுப்பு முகாமில் அடைத்தது, என்ன சொல்வது! ஜூனில் ஜெர்மன் படையிடம் பாரிஸ் விழுந்து நிர்வாகமே குலைந்து கிடந்த சில நாள்களில், விடுதலைச் சீட்டை வாங்கிக்கொண்டு ஒரு டூத்பிரஷ்ஷை மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்பியவர்கள் தப்பினார்கள், அரென்ட் அவர்களில் ஒருவர். முகாமிலேயே தங்கிவிட்டவர்களில் பலர் 1942இல் ஆஷ்விட்ஸ் கொலை முகாமுக்கு அனுப்பப்பட்டார்கள், அவர்களுக்கு அறிவா குறைச்சல்? அரென்ட்டின் நண்பரான எழுத்தாளர் வால்டர் பெஞ்சமினையே எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க விசா கையில் இருந்தும் பிரான்ஸை விட்டு வெளியேறும் அனுமதி இல்லாததால் ஸ்பெயினின் எல்லை ஊரான போர்ட்போவில் தடுக்கப்பட்டு, 1940 செப்டம்பரில் அங்கேயே உயிரை மாய்த்துக்கொண்டார். சில மாதம் கழித்து அதே வழியாகப் போன அரென்ட் அவருடைய கல்லறையைத் தேடினார், கிடைக்கவில்லை. பெஞ்சமின் ஒப்படைத்திருந்த கையெழுத்துப் பிரதியோடுதான் லிஸ்பன் போய் 1941இல் நியூயார்க்கில் இறங்கினார். அப்புறம், இதே கட்டுரைக்கான பின்னூட்டத்தில் 'திறமை இருந்தால் எங்கே போனாலும் ராஜாதான்' என்று எழுதிய நண்பருக்கு: நியூயார்க்கில் பேராசிரியர் பதவி ஒன்றும் காத்திருக்கவில்லை. மாசசூசெட்ஸில் ஒரு குடும்பத்தோடு தங்கி ஆங்கிலம் பழகினார், 'ஆஃப்பாவ்' என்ற ஜெர்மன் மொழிப் பத்திரிகையில் பத்தி எழுதினார். 1951இல் அமெரிக்கக் குடியுரிமை கிடைக்கும் வரை எந்த நாட்டுக் குடிமகளும் இல்லை. கட்டுரையில் இதற்கு ஒரு வரியாவது ஒதுக்கியிருக்கலாம்.