என் மனைவி கேட்டதில் என்ன தவறு?

ஈஸ்டர் முடிந்தும் என் மனைவியைக் கேலி செய்த அந்தப் பதிவு இன்னும் ஓயவில்லை. எங்கள் குடும்பக் குழுவில் என் மனைவி பேசி அனுப்பிய குரல் பதிவிலிருந்து இரண்டு வரிகளை மட்டும் வெட்டியெடுத்து, "விருந்துக்குக் கூப்பிட்டு வேலை வாங்குகிறார்கள்" என்று எழுதிப் போட்டவர் யார் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். உறவு என்பதால் பெயரை எழுதவில்லை. அதன் கீழே சிரித்தவர்களில் எங்கள் வீட்டில் வயிறாரச் சாப்பிட்டவர்களும் இருந்ததால்தான் இதை எழுதுகிறேன்.

ஈஸ்டருக்கு எங்கள் வீட்டுக்கு வருகிற ஒவ்வொரு குடும்பமும் ஒரு வேளைச் சமையலைப் பொறுப்பேற்க வேண்டும், குடங்களில் தண்ணீர் கொண்டுவரும் தள்ளுவண்டியைப் பேரப்பிள்ளைகள் தள்ள வேண்டும். அவள் கேட்டது இவ்வளவுதான். 71 வயதில், மூட்டு வலியோடு அடுப்படியில் நிற்கிறவள் இதைக் கேட்டதில் என்ன தவறு?

இந்த 2025 ஈஸ்டருக்குக் கூட்டம் அதிகம். பாம்பன் புதிய பாலம் ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்டு, 2022 டிசம்பரில் நின்றுபோன ரயில் மறுபடியும் கடலைக் கடக்கத் தொடங்கியதும், பெரிய வெள்ளி விடுமுறையோடு சேர்த்துப் பாலத்தையும் பார்த்துவிடலாம் என்று எல்லோரும் எங்கள் ஊரான மண்டபத்துக்குப் புறப்பட்டார்கள். 17 பேர். அவர்கள் வந்ததில் எங்களுக்கு மகிழ்ச்சி. அதில் எவரும் சந்தேகப்பட வேண்டாம். ஆனால் ஏப்ரல் 15 முதல் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் 61 நாள் கரையில்தான் நிற்கும். நாட்டுப்படகுகள் கொண்டுவரும் கொஞ்ச மீனுக்கு ஊரே காத்திருக்கும்போது, "கடற்கரையில் இருந்துகொண்டு நண்டுக்குப் பஞ்சமா?" என்று கேட்கிறவர்களுக்காக விடியுமுன் போய் ஏலத்தில் நின்றவன் நான். தண்ணீர் வண்டியைப் பற்றி இராமநாதபுரம் மாவட்டத்துக்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. குடங்களை அடுக்கித் தள்ளிக்கொண்டு வரும் அந்தத் தண்ணீரில் 17 பேர் காலையும் மாலையும் குளித்தால், மறுநாள் மறுபடியும் வண்டியைத் தள்ளுகிறவர் யார் என்று குளித்தவர்களில் ஒருவராவது கேட்டிருக்கலாம்.

பெரிய வெள்ளியன்று நடந்ததை நான் மறக்க மாட்டேன். திருச்சபைச் சட்டப்படி 59 வயதைக் கடந்தவர்களுக்கு, ஒரு வேளை மட்டும் முழுதாகச் சாப்பிடும் ஒருசந்தி நோன்பு கடமையில்லை. ஆனாலும் என் மனைவி ஒருசந்தி இருந்தாள். சிறுவயதிலிருந்து அவளுக்கு அதுவே வழக்கம். கடமையுள்ள வயதில் இருக்கும் பெரியவர்களோ சிலுவைப்பாதை முடிந்து வந்ததும் "அம்மாச்சி, டிபன் ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்டார்கள். பசித்த வயிற்றோடு அவள் தோசை ஊற்றினாள். முந்தின நாள் பெரிய வியாழன் திருப்பலியில் பங்குத்தந்தை குனிந்து 12 பேரின் பாதங்களைக் கழுவியதைக் கைப்பேசியில் படம் பிடித்தவர்களும், அன்றிரவே சாப்பிட்ட தட்டை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போனவர்களும் அவர்கள்தான்.

"பேரப்பிள்ளைகள் வருவதே பாக்கியம், அதற்குக் கணக்குப் பார்க்கலாமா?" என்று ஒருவர் எழுதியிருந்தார். பாக்கியம்தான். எங்கள் இருவருக்கும் அதைவிடப் பெரிய பாக்கியம் இல்லை. ஆனால் அந்தப் பாக்கியத்தை அனுபவிக்க அவளுக்கு நேரம் எங்கே இருந்தது? அப்பத்தாவின் மடியில் உட்கார வந்த சின்னவளை, "எண்ணெய் தெறிக்கும், தள்ளிப் போ" என்று விரட்ட வேண்டியிருந்தது. ஈஸ்டருக்கு முந்தின இரவு கோயிலில் நடக்கும் பாஸ்கா திருவிழிப்புக்குக்கூட அவள் வரவில்லை. நள்ளிரவில் திரும்பி வருகிறவர்களுக்குக் கறிக்குழம்பு தயாராக இருக்க வேண்டுமாம். ஆள் வைத்துக்கொண்டால் என்ன என்று கேட்கிறவர்களுக்கு, ஈஸ்டர் நாளில் தன் வீட்டை விட்டுவிட்டு எந்தப் பெண் எங்கள் வீட்டுக்கு வேலைக்கு வருவாள் என்பதே என் பதில்.

அந்தக் காலத்தில் யாரும் இப்படிக் கேட்டதில்லை என்றும் சொல்கிறார்கள். கேட்க வேண்டிய தேவை இருந்ததில்லை. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியைப் புயல் அழித்தபோது எனக்குப் பதின்மூன்று வயது. வீடும் வலையும் போய், உடுத்திய துணியோடு எங்கள் உறவுக்காரக் குடும்பம் ஒன்று மண்டபம் வந்து எங்கள் வீட்டில் தங்கியது. அவர்களைப் போல உட்கார்ந்து அழுவதற்கு உரிமை உள்ளவர்கள் உலகத்தில் வேறு யாரும் இருக்க முடியாது. ஆனால் அந்த அத்தை மறுநாள் காலையிலேயே என் அம்மாவின் கையிலிருந்து குழவியை வாங்கி அம்மியில் அரைக்கத் தொடங்கினார். அந்த மாமா தண்ணீர் தூக்கினார். எல்லாவற்றையும் இழந்தவர்கள் செய்ததைக் காரிலும் ரயிலிலும் வந்தவர்கள் செய்யக் கூடாதா?

ஞாயிறு மாலைக்குள் வீடு காலியாயிற்று. அன்றிரவே அந்தப் பதிவு வந்துவிட்டது. திங்கட்கிழமை மதியம் போப் பிரான்சிஸ் இறந்த செய்தி வந்ததும் அதே உறவினர்கள் அவருடைய படங்களைப் பகிர்ந்து கண்ணீர் அஞ்சலி எழுதினார்கள். ஜூலை மாதத்து நான்காம் ஞாயிறைத் தாத்தா பாட்டியருக்கும் முதியோருக்கும் உரிய நாளாக 2021இல் ஏற்படுத்தியவர் அவர். பாட்டியைப் பற்றிச் சிரித்துவிட்டு அவருக்கு அஞ்சலி எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது? ஊர் போய்ச் சேர்ந்ததைச் சொல்லக்கூட ஒருவரும் அவளுக்குப் பேசவில்லை. மூட்டு வலிக்கு மருத்துவரிடம் போனாயா என்று அவளிடம் கேட்டவர்கள் அந்த 17 பேரில் எத்தனை பேர்? நாளை எங்கள் இருவரில் ஒருவர் படுத்துவிட்டால், மற்றவருக்கு ஒரு வாய்க் கஞ்சி வைத்துத் தர யார் வருவீர்கள்? எங்கள் வீட்டுக்கு வர உங்களுக்குப் பண்டிகை வேண்டியிருக்கிறது. எங்களுக்கு நீங்கள் சாதாரண நாளிலும் வேண்டியிருக்கிறீர்கள்.

அவள் அந்தப் பதிவைப் பார்க்காமல் இருக்க நான் முயன்றேன். பக்கத்து வீட்டிலிருந்து காட்டிவிட்டார்கள். "நான் கேட்டிருக்கவே கூடாதுங்க" என்றாள். கேட்டது சரிதான் என்று நான் சொன்னேன். இங்கேயும் அதையே சொல்கிறேன்.

பதிவைப் போட்டவர் அதை நீக்க வேண்டும். பிறகு மண்டபத்துக்கு வந்து, அவள் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டும். கைப்பேசியில் அனுப்பும் வருத்தம் வேண்டாம். கிறிஸ்துமஸுக்கு எல்லோரும் வரலாம். யார் எந்த வேளைக்குச் சமைப்பது, யார் தண்ணீருக்குப் போவது என்பதை இந்த முறை குழுவில் எழுதப்போவது நான்.