ஜூபாவும் செலீனியும் எடுபிடிகளாம்

அந்த நேரலையைப் பார்த்தவர்களுக்கு நான் எதைப் பற்றி எழுதுகிறேன் என்று விளக்க வேண்டியதில்லை. மௌரித்தானியாவின் (இன்றைய மொராக்கோ, அல்ஜீரியாவின் வடபகுதிகளில் இருந்த பழைய நாடு) அரசர் இரண்டாம் ஜூபாவையும் அவருடைய மனைவி அரசி கிளியோபாட்ரா செலீனியையும் ரோமாபுரியின் எடுபிடிகள் என்று ஒரே வரியில் முடித்துவிட்டுப் பேச்சாளர் நகர்ந்துவிட்டார். நான் கேள்வி எழுப்பியபோது, உணர்ச்சிவசப்பட வேண்டாம் என்று அறிவுரை கிடைத்தது. சரி, வசப்படாமலேயே எழுதுகிறேன்.

கி.மு. 46-இல் தாப்சஸ் போரில் சீசரின் படையிடம் தோற்ற, வட ஆப்பிரிக்காவின் நுமிதியாவை ஆண்ட அரசர் முதலாம் ஜூபா உயிரை மாய்த்துக்கொண்டார். கைக்குழந்தையாக இருந்த அவருடைய மகன் இரண்டாம் ஜூபாவை அதே ஆண்டு ஜூலியஸ் சீசரின் வெற்றி ஊர்வலத்தில் காட்சிப்பொருளாகக் கொண்டுசென்றார்கள். கி.மு. 29-இல், பின்னாளில் அகஸ்டஸ் என்ற பெயரில் ரோமின் பேரரசரான ஆக்டேவியனின் வெற்றி ஊர்வலத்தில், இறந்துபோன தாயான எகிப்து அரசி கிளியோபாட்ராவின் உருவச்சிலையோடு, சுமார் பத்து வயதுச் செலீனியும் அவளுடைய இரட்டைச் சகோதரனும் நடத்திச் செல்லப்பட்டார்கள். பிறகு அந்தச் சிறுமியை வளர்த்த ஆக்டேவியா யார்? ஆக்டேவியனின் சகோதரி, செலீனியின் தந்தையான ரோமானியத் தளபதி ஆண்டனியால் கைவிடப்பட்ட மனைவி. அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்த குழந்தை எதிர்த்து நின்றிருக்க வேண்டும் என்று இரண்டாயிரம் ஆண்டுகள் கழித்து மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்வது மிகவும் எளிது.

நான் தந்தையை இழந்தபின் உறவினர் வீட்டில் வளர்ந்தவன். அவரைப் பற்றி அங்கே கேலி பேசும்போதெல்லாம் தட்டைப் பார்த்தபடி தலையாட்டியிருக்கிறேன். அந்தத் தலையாட்டலைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்பவர்களுடன் எனக்குப் பேச்சே இல்லை.

ஆம், கி.மு. 25-இல் ஜூபாவை மௌரித்தானியாவின் அரியணையில் அமர்த்தியவர் அகஸ்டஸ்தான். இன்றைய அல்ஜீரியாவின் ஷெர்ஷெல் நகரமாகிய தலைநகர் இயோலுக்குச் சிசேரியா என்று புதுப்பெயர் சூட்டப்பட்டதும் அவரைக் குளிர்விக்கத்தான். எடுபிடிக் கட்சியினருக்கு இவ்வளவு போதும். நாணயங்களை அவர்கள் பார்ப்பதில்லை. எகிப்தைப் பிடித்துவிட்டேன் என்று ஆக்டேவியன் முதலை உருவத்தோடு நாணயம் வெளியிட்டிருந்தார். அவருடைய தயவில் ஆண்ட செலீனி, அதே முதலையைத் தன் நாணயத்தில் பொறித்து, 'அரசி கிளியோபாட்ரா' என்று கிரேக்கத்தில் எழுதிப் புழக்கத்தில் விட்டார். அது அவருடைய பெயர் மட்டுமல்ல, ரோம் வீழ்த்திய தாயின் பெயரும்கூட. பிறந்த மகனுக்கும் ரோமானியப் பெயரை வைக்காமல், தன் தாய்வழி மன்னர்களின் பெயராகிய தாலமி என்பதையே வைத்தார். எடுபிடிகள் இப்படியா நடந்துகொள்வார்கள்?

ஜூபா கிரேக்கத்தில் லிபியாவைப் பற்றியும் அரேபியாவைப் பற்றியும் நூல்கள் எழுதினார். அவை அழிந்துவிட்டாலும், ரோமானிய எழுத்தாளர் பிளினி அவரை மேற்கோள் காட்டிக்கொண்டே இருக்கிறார். அதையெல்லாம் சொன்னால் நேரலையின் நேரம் நீண்டுவிடும் போலும்.

அடுத்து என்ன வரும் என்று எனக்குத் தெரியும். ரோமை எதிர்த்துக் கி.பி. 17 முதல் 24 வரை போராடிய நுமிதியக் கிளர்ச்சித் தலைவர் டாக்ஃபரினாஸை ஒடுக்க இந்த அரச குடும்பம் படை கொடுத்ததே, அதற்கு என்ன பதில் என்பீர்கள். கொடுத்தார்கள், மறுக்கவில்லை. கொடுக்காமல் இருந்திருந்தால் அரியணை ஒரு வாரமாவது தங்கியிருக்குமா? இந்தக் கேள்வியைக் கேட்பவர்களில் எத்தனை பேர் தங்கள் மேலதிகாரியிடம் ஒருமுறையாவது முடியாது என்று சொல்லியிருக்கிறார்கள் என்பதையும் தெரிந்துகொள்ள ஆசைதான்.

அந்த உதவிக்காக ரோமின் செனட், ஜூபாவுக்குப் பின் அரசரான மகன் தாலமிக்குத் தந்தச் செங்கோலும் பூவேலை செய்த அங்கியும் அனுப்பி, நண்பர் என்றும் கூட்டாளி என்றும் புகழ்ந்தது. கி.பி. 40-இல் அதே ரோமின் பேரரசர் கலிகுலா அவரைக் கொன்றார். தாலமி ஆண்டனியின் பேரன். கலிகுலா அதே ஆண்டனியின் கொள்ளுப்பேரன். அரங்கத்தில் தாலமி அணிந்திருந்த ஊதா மேலங்கி எல்லோர் கண்களையும் ஈர்த்துவிட்டதாம், அதுதான் குற்றமாம். இவ்வளவு விசுவாசம் காட்டிய குடும்பத்துக்கு இதுதான் கூலி. அதற்கு மேலும் நம் நண்பர்களின் ஏளனம்.

தாலமி இறந்ததும் அவரால் அடிமைத்தளையிலிருந்து விடுதலை செய்யப்பட்ட ஏதேமோன் என்பவர் பழிவாங்க ஆயுதம் ஏந்தினார். அந்தக் கிளர்ச்சியை அடக்கிய பிறகே கலிகுலாவுக்கு அடுத்து வந்த பேரரசர் கிளாடியஸ் அந்நாட்டை இரண்டு மாகாணங்களாகப் பிரிக்க முடிந்தது. ஓர் எடுபிடியின் சாவுக்காக யாராவது ரோமின் படையை எதிர்த்து நிற்பார்களா?

கீழே 'ஆதாரம்?' என்று மட்டும் எழுதத் தயாராக இருப்பவர்கள் ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸின் ஆண்டுக்குறிப்புகளில் நான்காம் புத்தகத்தைப் புரட்டலாம். செங்கோல் கதை அங்கே இருக்கிறது. கலிகுலாவின் ஆட்சியைச் சொல்லும் பகுதி அந்நூலில் தொலைந்துவிட்டதால், கொலைக்கு, பேரரசர்களின் வாழ்க்கையை எழுதிய சூட்டோனியஸிடமும் கிளர்ச்சிக்குப் பிளினியிடமும்தான் போக வேண்டும்.