போக்சோ சட்டத்தில் ரகசியத்துக்கு எல்லை உண்டு

பாலியல் துன்புறுத்தல் பற்றிக் குழந்தை சொன்னதை, குழந்தையே வேண்டாம் என்றால் சமூகப் பணியாளர் ரகசியமாக வைத்துக்கொள்ளலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். நல்லெண்ணம்தான், ஆனால் இந்தியாவில் சட்டம் அப்படி இல்லை.

குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் 2012 போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி, 18 வயதுக்கு உட்பட்டவருக்கு எதிராக இப்படி ஒரு குற்றம் நடந்தது தெரிந்த எவரும் சிறப்புச் சிறார் காவல் பிரிவுக்கோ உள்ளூர்க் காவல்துறைக்கோ தெரிவிக்க வேண்டும். சமூகப் பணியாளருக்கு அதில் விலக்கு இல்லை. தெரிவிக்காவிட்டால் 21-ஆம் பிரிவின்கீழ் 6 மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். நல்லெண்ணத்தோடு தகவல் தந்தவருக்குப் பாதுகாப்பும் அதே 19-இல் இருக்கிறது; பலரும் கவனிக்காத வரி அது.

“யார்கிட்டயும் சொல்லாதீங்க அக்கா” என்று அழும் குழந்தையிடம் சரி என்று தலையாட்டிவிட்டு அப்புறம் போலீசுக்குப் போனால் நம்பிக்கை நொறுங்கிவிடும். அதனால்தான், “உனக்கு ஆபத்து என்றால் உதவக்கூடியவர்களிடம் மட்டும் சொல்வேன்” என்பதை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிட வேண்டும்.

இந்தியா கோட் என்ற அரசுத் தளத்தில் போக்சோ என்று தேடி, இந்த இரண்டு பிரிவுகளையும் நீங்களே படித்துப் பாருங்கள். எங்கே தெரிவிப்பது என்று குழப்பமாக இருந்தால் குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐ அழைக்கலாம்.