சீனி மாத்திரை போட்டால் புற்றுநோய் வருமா?

"டீயில் சீனிக்குப் பதிலாகப் போடும் மாத்திரை புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்லிவிட்டது, உடனே நிறுத்துங்கள்" என்று மதுரை வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது. இது தவறு.

2023 ஜூலையில் அந்த நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, இந்த மாத்திரைகள் சிலவற்றில் உள்ள அஸ்பார்டேம் என்ற இனிப்பூட்டியை 2பி பிரிவில் சேர்த்தது. புற்றுநோய் தரும் வாய்ப்பு இருக்கலாம், ஆனால் சான்று குறைவு என்பதே அதன் பொருள். சோற்றுக்கற்றாழையின் முழு இலைச் சாறும் அதே பிரிவில்தான் இருக்கிறது. அப்போதே இன்னொரு நிபுணர் குழு, அஸ்பார்டேமுக்கு உடல் எடையில் கிலோவுக்கு தினம் 40 மில்லிகிராம் என்ற பழைய வரம்பை அப்படியே வைத்துக்கொண்டது. 70 கிலோ எடையுள்ளவர் அதைத் தாண்ட, ஒரே நாளில் 9 டின்னுக்கு மேல் டயட் பானம் குடிக்க வேண்டும். அப்புறம், எல்லா மாத்திரையும் அஸ்பார்டேம் அல்ல. சுக்ரலோஸ், ஸ்டீவியாவும் உண்டு. டப்பாவைத் திருப்பிப் பாருங்கள்.

சரி, எடை குறைக்க உதவுமா? அதற்கு இந்த இனிப்பூட்டிகளை நம்பியிருக்க வேண்டாம் என்று 2023 மே மாதமே அந்த நிறுவனம் சொன்னது. ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு அந்தப் பரிந்துரை பொருந்தாது. அவர்கள் பயந்துபோய் மறுபடி சீனி டீக்குத் திரும்பிவிடக் கூடாதே என்பதுதான் என் கவலை. பினைல்கீட்டோனூரியா என்ற பிறவிக் கோளாறு உள்ளவர்கள் அஸ்பார்டேமை அறவே தவிர்க்க வேண்டும்.