ஸ்பிட்ஃபயர் எஞ்சின் இருமுவது பிழை அல்ல

'கிளிஃப்ஸ் ஆஃப் டோவர்' என்ற கணினி வான்போர் விளையாட்டில் ஸ்பிட்ஃபயர் என்ற பிரிட்டிஷ் போர்விமானத்தின் மூக்கைச் சட்டென்று தாழ்த்தினால் எஞ்சின் இருமி அடங்குகிறது, ஆட்டத்தைக் கடினமாக்கவே இப்படிச் செய்திருக்கிறார்கள் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அது தவறு. 1940-இல் பிரிட்டன் வான்போரில் பறந்த விமானிகள் பட்ட பாடு இது.

அன்றைய ஸ்பிட்ஃபயரின் மெர்லின் எஞ்சினில் இருந்தது மிதவை வைத்த கார்புரேட்டர், அதாவது பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்குத் தரும் கருவி. கட்டுப்பாட்டுக் கோலை வேகமாக முன்னே தள்ளினால் பெட்ரோல் மிதவை அறையின் மேல்பக்கம் ஏறிவிடும். முதலில் எஞ்சினுக்கு எரிபொருள் கிடைக்காது. அப்புறம் மிதவை தடுமாறி, வால்வு முழுதாகத் திறந்து, பெட்ரோல் வெள்ளமாகப் பாயும். அப்போதும் எஞ்சின் திணறும். ஜெர்மானிய எதிரி ஓட்டிய மெஸ்ஸர்ஷ்மிட் 109-இல் எரிபொருளை நேராகச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் அமைப்பு இருந்ததால் அவர் நிம்மதியாகக் கீழே பாய்ந்து தப்பிவிடுவார். துரத்துகிறவர் விமானத்தைப் புரட்டி, கோலை இழுத்துத்தான் கீழே இறங்க வேண்டும். ஆட்டத்திலும் அப்படிச் செய்துபாருங்கள், எஞ்சின் நிற்காது.

1941-இல் பீட்ரிஸ் ஷில்லிங் என்ற பொறியாளர் எரிபொருள் குழாயில் பொருத்தத் தந்தது நடுவே துளையிட்ட ஒரு சிறு பித்தளைத் துண்டு. எவ்வளவு அழகான தீர்வு! வெள்ளம் நின்றது, முதல் இருமல் மட்டும் மிஞ்சியது.

சரி, பின்னாளில் வந்த, மெர்லின் 66 எஞ்சின் பொருத்திய ஸ்பிட்ஃபயர் 9 ஒரு விளையாட்டில் இப்படி இருமினால் சொல்லுங்கள். அதில் கார்புரேட்டரே வேறு. அது நிச்சயம் பிழைதான்.