அறுபதில் முதல் தொலைநோக்கி: சிங்கப்பூர் வானத்துக்கு எது ஒத்துவரும்?

பணி ஓய்வுக்குப் பிள்ளைகள் ஆசையாக வாங்கித் தரும் தொலைநோக்கி, பல வீடுகளில் மூன்றாம் மாதமே அலமாரியின் மேல் ஏறிவிடுகிறது. கேட்டால் இரண்டு காரணம் சொல்வார்கள். ஒன்று, "வயசாயிடுச்சு, கண்ணு சரியாத் தெரியல." மற்றொன்று, "சிங்கப்பூர்ல ஏது நட்சத்திரம், ஒரே வெளிச்சம்." இரண்டையும் நான் ஏற்கமாட்டேன். பெட்டியில் வந்த கருவி இந்த ஊருக்கு ஒத்துவராதது. முதல் இரவில் தேடியதும் இந்த ஊரில் அகப்படாதது. இவ்விரண்டும்தான் உண்மைக் காரணம்.

வெளிச்சத்தை முதலில் பேசிவிடுவோம். 2016இல் வெளியான உலக ஒளிமாசு வரைபடத்தில் முதலிடம் சிங்கப்பூருக்குத்தான். இங்கு வாழும் எல்லாருடைய தலைக்கு மேலும், கண் முழுதாக இருட்டுக்குப் பழக முடியாத அளவுக்கு வானம் வெளுத்திருக்கிறது. பால்வீதி தெரியாது. ஆண்ட்ரோமீடா மண்டலம் மங்கலான ஒரு திட்டு, அவ்வளவே. ஆனால் நிலாவையும் வியாழனையும் சனியையும் இரட்டை விண்மீன்களையும் தெருவிளக்கு ஒன்றும் செய்துவிடாது. அவற்றைக் கெடுப்பது காற்றின் நடுக்கம். அதில் நாம் கொடுத்துவைத்தவர்கள். வடக்கிலும் தெற்கிலும் உள்ள நாடுகளின் மேலே பாயும் ஜெட் காற்று நம்மிடமிருந்து வெகுதூரத்தில் ஓடுகிறது. நல்ல இரவுகளில் கோளின் பிம்பம் அச்சடித்ததுபோல் நிற்கும். வியாழனில் இருந்த ஒரு வெண்புயல் சிவப்பாக மாறியதை 2006இல் கண்டு சொன்னவர், பிலிப்பீன்ஸின் செபூ நகரத்து அமெச்சூர் வானியலாளர் கிறிஸ்டோபர் கோ. அவர் கையில் பெரிய கருவியும் கேமராவும் இருந்தன என்பது உண்மைதான். ஆனால் அவர் தலைக்கு மேல் இருந்ததும் நம்முடையதைப் போன்ற வெப்பமண்டல வானம்தான்.

இனி கருவி. மூன்று காலும், எடைக்குண்டும், பல திருகுகளும் கொண்ட ஈக்குவடோரியல் மவுண்ட் என்ற தாங்கி பார்வைக்குக் கம்பீரமாக இருக்கும். தயவுசெய்து அதை வாங்காதீர்கள். அதன் ஓர் அச்சு வான துருவத்தை நோக்கி நிற்க வேண்டும். சிங்கப்பூர் இருப்பது ஏறக்குறைய 1.3 பாகை வட அட்சரேகையில். துருவ நட்சத்திரம் தொடுவானத்தோடு ஒட்டிக் கிடக்கும். எதிர் புளோக்கே அதை மறைத்துவிடும். அச்சைக் கிட்டத்தட்ட தரைக்கு இணையாகப் படுக்கவைக்க வேண்டும். பல சிறிய மவுண்டுகள் அவ்வளவு தாழ இறங்காது. இறங்கினாலும் எடைக்குண்டின் தண்டு முக்காலியில் இடிக்கும். கையேட்டைப் பத்து முறை படித்தும் சரிவராமல் தன்னையே நொந்துகொள்பவர்கள் உண்டு. பிழை அவர்களுடையது அல்ல. அந்த வடிவமைப்பு வேறு அட்சரேகைக்கானது.

நமக்கு வேண்டியது மேலும் கீழும், இடமும் வலமும் கையால் திருப்பும் எளிய பெட்டி. சான் பிரான்சிஸ்கோ நடைபாதைகளில் வழிப்போக்கர்களுக்கு வானத்தைக் காட்டிய ஜான் டாப்சன் பரப்பிய வடிவம் அது. இன்று டாப்சோனியன் என்கிறோம். இரண்டு அளவுகளைச் சொல்வேன். 130 மி.மீ. விட்டமுள்ள ஆடி (ஒளியைத் திரட்டும் கண்ணாடி), 650 மி.மீ. குவியத்தூரம் (ஆடியிலிருந்து ஒளி குவியும் இடம் வரையிலான தூரம்) கொண்ட மேசை வகை: சுமார் 6 கிலோ, ஒரு கையால் தூக்கி மின்தூக்கியில் இறங்கலாம். 150க்கு 1200 கொண்ட தரை வகை: குழாயும் பெட்டியுமாக 15 கிலோவுக்கு மேல், இரண்டு நடையாக எடுத்துப் போக வேண்டும். முதுகும் முழங்காலும் வலுவாக இருந்தால் இரண்டாவதே மேல். பிம்பம் கூர்மை, ஆடிகளின் நேர் சற்றே பிசகினாலும் பொறுத்துக்கொள்ளும். இல்லையென்றால் முதலாவதை வாங்கி, ஆடாத மர முக்காலி ஒன்றின் மேல் வையுங்கள். பிளாஸ்டிக் மேசை வேண்டாம். 100 மடங்கு உருப்பெருக்கத்தில் விரல் பட்டாலே பிம்பம் குதிக்கும். பெட்டியின் மேல் "525 மடங்கு" என்று போட்டிருந்தால் அந்தக் கடையைவிட்டு வந்துவிடுங்கள். ஆடியின் மில்லிமீட்டருக்கு 2 மடங்கு என்பதே உச்ச வரம்பு.

கண்ணைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இளையவர்களுக்கு எழுதப்பட்ட வழிகாட்டிகள் இதைத் தொடுவதே இல்லை. இருபது வயதில் இருட்டில் 7 மி.மீ. வரை விரியும் கண்மணி, அறுபதில் 5 மி.மீ. அளவோடு நின்றுவிடுவது வழக்கம். நம் ஊர் வெளிச்சத்தில் இன்னும் சிறுக்கும். தொலைநோக்கியிலிருந்து வெளிவரும் ஒளிக்கற்றையின் அகலம், ஆடியின் விட்டத்தை மடங்கால் வகுத்தால் கிடைக்கும். 650 மி.மீ. குவியத்தூரத்தில் 25 மி.மீ. ஐபீஸ் (கண் வைத்துப் பார்க்கும் வில்லைக்குழல்) போட்டால் 26 மடங்கு; கற்றை 5 மி.மீ. அதில் ஒரு பகுதி கண்மணிக்குள் நுழையாமலே வீணாகும், பின்னணி வானமும் சாம்பல் பூத்துத் தெரியும். 15 மி.மீ. ஐபீஸில் 43 மடங்கு, கற்றை 3 மி.மீ. வானம் கறுக்கும், விண்மீன் புள்ளியாகவே இருப்பதால் மங்காது. ஆகவே மடங்கை ஓரளவு கூட்டுவது இந்த ஊரில் நல்லது.

கண்ணாடிச் சீட்டில் சிலிண்டர் எண் (சிதறல் பார்வைக் குறையின் அளவு) இருக்கிறதா பாருங்கள். கிட்டப்பார்வை, தூரப்பார்வை இரண்டையும் குவியத் திருகே சரிசெய்துவிடும், கண்ணாடியைக் கழற்றிவிடலாம். சிலிண்டர் குறையைத் திருகு சரிசெய்யாது. குறைந்த மடங்கில் விண்மீன்கள் கோடாக இழுபடும். ஆனால் கற்றை 1 மி.மீ. அளவுக்குச் சிறுத்தால், அதாவது இந்தக் கருவியில் 130 மடங்கில், அந்தக் குறை பெரும்பாலும் மறைந்துவிடும். கண்ணாடியோடுதான் பார்ப்பேன் என்பவர்கள், கண்ணுக்கு 15 முதல் 20 மி.மீ. இடைவெளி தரும் ஐபீஸாகக் கேட்டு வாங்குங்கள். சாதாரண 6 மி.மீ. பிளாசல் வகை ஐபீஸ் 4 மி.மீ.தான் தரும், இமைமுடி கண்ணாடிவில்லையில் உரசும். மடங்கை மேலும் ஏற்றினால் கண்ணுக்குள் மிதக்கும் இழைகள் கோளின் மேல் ஊரத் தொடங்கும். கருவியில் பழுது இல்லை, ஒரு படி இறங்கினால் போதும். நிலாவைச் சுற்றிப் பனிவட்டம் போலத் தெரிந்தால் கண்புரையா என்று மருத்துவரிடம் காட்டிக்கொள்ளுங்கள். புரை நீக்கிய கண்ணுக்கு விண்மீன்களின் நீலம் மீண்டும் புலப்படும்.

நின்றுகொண்டு குனிவதைவிட உட்கார்ந்து பார்ப்பதில் நுணுக்கம் கூடும். உயரம் மாற்றக்கூடிய நாற்காலி ஒன்று கட்டாயம் தேவை.

எங்கே வைப்பது? வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுத் தாழ்வாரத்தில் கைப்பிடிச் சுவருக்கும் மேற்கூரைக்கும் நடுவே ஒரு பட்டை வானம்தான் கிடைக்கும். இங்கு நிலாவும் கோள்களும் ஏறக்குறைய உச்சி வழியே போவதால், கிழக்கு அல்லது மேற்குத் தாழ்வாரத்துக்கு அவை உதிக்கும் அல்லது மறையும் இரண்டு மூன்று மணி நேரம் வாய்க்கும். தெற்குத் தாழ்வாரத்தில் கோள் அரிது, ஆனால் தென்சிலுவையும் அகத்திய விண்மீனும் உண்டு. பலமாடிக் கார்நிறுத்துமிடத்தின் மேல்தளம் திறந்த வானம் தரும். ஆனால் பகலெல்லாம் காய்ந்த கான்கிரீட் இரவு வெகுநேரம் வெப்பத்தை விட்டுக்கொண்டே இருக்கும். பிம்பம் கொதிப்பதுபோல் தெரிந்தால் பக்கத்துப் புல்தரைக்கு மாறுங்கள்.

ஏர்கான் அறையிலிருந்து கருவியை நேரே வெளியே கொண்டுபோகாதீர்கள். குளிர்ந்த கண்ணாடியின் மேல் நம் ஈரக்காற்று பட்டவுடன் பனித்துவிடும். துடைத்தால் பூச்சு கீறும். மூடியைத் திறக்காமல் அரை மணி நேரம் வெளியே வைத்துவிட்டு அப்புறம் திறக்க வேண்டும். ஐபீஸ்களைக் கேமராக்காரர்களின் உலர்பெட்டியில் 45 சதவீத ஈரப்பதத்தில் வைத்தால் பூஞ்சை பிடிக்காது. டாப்சோனியன் பெட்டி துகள்பலகையால் ஆனது, வெட்டு ஓரத்தில் தண்ணீர் பட்டால் உப்பிவிடும். வார்னிஷ் ஒரு கை பூசிவிடுங்கள்.

முதல் வேலையைப் பகலில் செய்யுங்கள். சில நூறு மீட்டருக்கு அப்பாலுள்ள புளோக்கின் இடிதாங்கியைக் குறைந்த மடங்கில் நடுவே கொண்டுவந்து, குழாயின் மேலிருந்து குறிபார்க்க உதவும் சிவப்புப்புள்ளி ஃபைண்டரை அதே முனைக்குத் திருகி நிறுத்துங்கள். இதைச் செய்யாததால்தான் பலருக்கு இரவில் நிலாவைத் தவிர வேறொன்றும் சிக்குவதில்லை. சூரியன் இருக்கும் பக்கம் மட்டும் திருப்பவே கூடாது. குழாயின் முன்வாயை முழுதும் மூடும் சூரியப்படலம் இல்லாமல் ஒரு நொடி பார்த்தாலும் பார்வை போய்விடும். ஐபீஸில் திருகும் சூரிய வடிகட்டி வெப்பத்தில் வெடிக்கும், குப்பையில் போடுங்கள்.

நிலாவை முழுநிலவன்று பார்க்காதீர்கள், நிழலே இராது. எட்டாம் பிறையையொட்டி, ஒளியும் இருளும் சந்திக்கும் கோட்டருகே பள்ளங்கள் செதுக்கியதுபோல் எழும். கருவியில் மோட்டார் இல்லாததால் எதுவும் நகர்ந்துகொண்டே இருக்கும்: 100 மடங்கில் சாதாரண ஐபீஸின் வட்டத்தை வியாழன் சுமார் 2 நிமிடத்தில் கடக்கும். அதைத் துரத்தாமல் ஓரத்தில் நிறுத்தி, தானாக நடுவுக்கு வரவிட்டுப் பாருங்கள். பிப்ரவரியில் மழை ஓய்ந்திருக்கும், ஆனால் மாதக் கடைசியில் இரவு எட்டரைக்கு ஓரியன் என்ற வேட்டைக்காரன் விண்மீன்கூட்டத்தின் இடைவார் நேர் உச்சியில் நிற்கும். உச்சியில் டாப்சோனியன் சண்டித்தனம் செய்யும், இடவலமாகத் திருப்ப நெம்புவிசை கிடைக்காது. பத்து மணிக்கு அது மேற்கே 20 பாகை சாய்ந்தபின் பாருங்கள். இடைவாரில் தொங்கும் வாளின் நடுவே நெபுலா என்ற வாயுமேகம் இந்த வெளிச்சத்திலும் தெரியும்.

ஜூன் தொடக்கத்தில், இரவு 9 மணிக்கு, வடக்கே 36 பாகை உயரத்தில் வசிட்டரும் அருந்ததியும் இருப்பார்கள். கல்யாணத்தில் அம்மி மிதித்துக் காட்டும் அதே அருந்ததிதான். 43 மடங்கில் இருவரும் ஒரே வட்டத்தில் விழுவார்கள், வசிட்டர் மட்டும் இரண்டாகப் பிரிந்து நிற்பார். பிறகு நாற்காலியைத் தெற்கே திருப்புங்கள். சுமார் 25 பாகையில் தென்சிலுவையின் அடி விண்மீன். 130 மடங்கில் அதுவும் இரண்டாகும், நடுவே 4 விகலை (பாகையில் 3600இல் ஒரு பங்கு ஒரு விகலை) இடைவெளி. பிரியாவிட்டால் கண்ணைக் குறைசொல்ல வேண்டாம். குவியத்தைச் சற்று விலக்கி, தோன்றும் வளையங்கள் ஒன்றுக்குள் ஒன்று நடுவாக இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒருபக்கம் ஒதுங்கியிருந்தால் அடி ஆடியின் மூன்று திருகுகளில் ஒன்றைக் கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பி, விண்மீனை மறுபடி நடுவுக்குக் கொண்டுவந்து மீண்டும் பாருங்கள்.