அத்தையிடம் மட்டும் ஏன் கேட்கிறீர்கள்?

மதுரைப் பாண்டி கோயில் கிடா விருந்தில் பக்கத்து இலைக்காரர் கேட்டார்: "ஏன் தம்பி, நாங்க கிடாயோட நிறுத்திக்கிறோம். உங்க சாமி பெத்த மகனையே பலி கேட்டுச்சாமே?"

சிரித்துவிட்டேன். ஆனால் கேள்வி நியாயமானது. கோபக்கார அப்பா, அவரைக் குளிரவைக்க ரத்தம் சிந்தும் மகன் என்றுதான் எங்கள் கிறிஸ்தவ ஆட்களிலேயே பாதிப் பேர் சிலுவையை விளங்கிவைத்திருக்கிறார்கள்.

திருச்சபையின் விசுவாசப்படி மகனும் கடவுள்தான். அப்படியானால் பலி கேட்டவர் ஒருவர், கொடுத்தவர் இன்னொருவர் என்ற பேச்சே அடிபட்டுப்போகிறது. சிலுவையில், தவறு செய்த மனிதன் கட்ட வேண்டியதைப் பாதிக்கப்பட்ட கடவுளே தன் தலையில் போட்டுக்கொள்கிறார். மத்தேயு நற்செய்தி 18ஆம் அதிகாரத்தில் இயேசு சொல்லும் கதையில் அரசன் ஒருவன், வேலைக்காரனின் 10,000 தாலந்து கடனைத் தள்ளுபடி செய்கிறான். ஒரு தாலந்து சுமார் 6,000 நாள் கூலி. ஆக 6 கோடி நாள் கூலி. அந்தப் பணம் காற்றில் கரைந்துவிடவில்லை, அரசனுக்குத்தான் நஷ்டம்.

மன்னிப்பு இவ்வளவு விலை உள்ளது என்றால், அதை அடுத்தவர் பையிலிருந்து எடுத்துக் கொடுக்க நமக்கு என்ன உரிமை?

எங்கள் அத்தை கதையைச் சொல்கிறேன். தாத்தா இறந்த பிறகு, மேலூர்ப் பக்கம் இருந்த நிலத்துக்கு "லோன் வாங்கணும், ஒரு கையெழுத்துப் போடும்மா" என்று சொல்லி பெரியப்பா அத்தையிடம் கையெழுத்து வாங்கினார். அது விடுதலைப் பத்திரம், அதாவது தன் பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதித் தருவது. அத்தைக்கு விஷயம் தெரியவந்தபோது நிலம் கைமாறியாகிவிட்டது. சர்ச் பூசையில் பெரியப்பாவுக்கு முன்வரிசை. ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும் நேரத்தில் திரும்பி, எல்லோரையும் பார்த்துக் கும்பிடுவதுபோல் அத்தையையும் பார்த்துக் கும்பிடுவார். அத்தை முந்தானையைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொள்வார்.

அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் கூடி ஜெபிக்கும் அன்பியக் கூட்டத்தில் அத்தைக்குத்தான் புத்திமதி. "இயேசுவே சிலுவையில மன்னிச்சாரு, நீ என்ன பெரிய இவளா?" அத்தை சொன்ன பதில்: "சரி, மன்னிச்சுட்டேன்னே வச்சுக்கங்க. பத்திரத்துல என் பேரு வந்துருமா?" அதற்கு யாரும் வாய் திறக்கவில்லை. ஜெபமாலையை ஆரம்பித்துவிட்டார்கள்.

யாரும் மன்னிப்புக் கேட்காமலேயே இயேசு மன்னித்தார், உண்மை. ஆனால் வலித்தது அவருக்கு, மன்னித்ததும் அவரேதான். சிலுவைக்குக் கீழே நின்று 'மன்னித்துவிடு' என்று அவருக்கு யாரும் யோசனை சொல்லவில்லை. ஒடிசாவில் 1999இல் கணவரையும் இரண்டு மகன்களையும் வண்டியோடு எரித்துக் கொன்றவர்களை கிளாடிஸ் ஸ்டெயின்ஸ் மன்னித்தாரே, அதுவும் இப்படித்தான். அதற்காக வழக்கு நின்றுவிடவில்லை. 2011இல் உச்ச நீதிமன்றம் ஆயுள் தண்டனையை உறுதி செய்தது.

பிரசங்கங்களில், 'எழுபது தடவை ஏழு' முறை மன்னிக்கச் சொல்லும் மத்தேயு 18ஆம் அதிகார வசனம் அடிக்கடி வரும். அதே அதிகாரத்தில், தள்ளுபடி பெற்ற அந்த வேலைக்காரனிடம் சின்னக் கடன் பட்டிருந்தவன் காலில் விழுந்து, "பொறுத்துக்கொள், கொடுத்துவிடுகிறேன்" என்று கெஞ்சுவதை யாரும் நிறுத்திப் படிப்பதில்லை. இயேசுவைச் சந்தித்த வரி வசூலிப்பவர் சக்கேயு, ஏமாற்றிய பணத்தை நாலு மடங்காகத் தருவதாக எழுந்து நின்று சொன்னார். பைபிளின் பழைய சட்ட நூலான லேவியர் ஆகமம் இன்னும் கறார்: அபகரித்த பொருளோடு ஐந்தில் ஒரு பங்கு சேர்த்து உரியவரிடம் கொடுக்க வேண்டும், ஆட்டுக்கடாவைப் பலிக்குக் கொண்டுவர வேண்டும். கடா மட்டும் கொண்டுவந்தால் போதாது.

மலைப்பொழிவில் ஒரு இடம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். காணிக்கை செலுத்தப் போன இடத்தில், உன்மேல் ஒருவருக்கு மனத்தாங்கல் இருப்பது ஞாபகம் வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் முதலில் சமாதானமாகு என்கிறார் இயேசு. கிளம்பிப் போக வேண்டியவன் மனத்தாங்கலுக்குக் காரணமானவன். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் பலர் கலிலேயாக்காரர்கள், பலிபீடம் இருந்தது எருசலேமில். ஏறக்குறைய மதுரைக்கும் திருச்சிக்கும் உள்ள தூரம், அதுவும் நடை. அவ்வளவு தூரம் திரும்பிப் போய்விட்டு வா, பலி காத்திருக்கட்டும் என்கிறார். எங்கள் பெரியப்பா நடக்க வேண்டியது நாலு பெஞ்சு தூரம்.

தவக்காலம் வந்தால் மன்னிப்பைப் பற்றி எப்படியும் பிரசங்கம் இருக்கும். இந்த முறை அதைக் கொஞ்சம் முன்வரிசையைப் பார்த்து வைங்க, சாமி.